மூன்று முறை நிமிர்த்திய ஷாஃப்ட்

அஞ்சுகத்தின் இயந்திரம் இதுவரை இழுத்து அறுத்த கம்பிகள் 14,212. கல்லூரி ஆய்வகத்தின் பதிவேட்டில் 2025 ஜூன் 11 மாலை ஏறியிருந்த வரிசை எண் அது. முதல் இருநூறு சொச்சம் தவிர மற்றதெல்லாம் அவர் கையெழுத்து.

ஆய்வகம் காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இருக்கிறது. அஞ்சுகம் அங்கே உதவியாளர். வயது நாற்பத்தொன்று. வீடு கிளிஞ்சல்மேட்டில். காலை எட்டேகால் பேருந்தில் ஏறினால் ஒன்பது மணிக்கு முன்னால் இழுவை இயந்திரத்தின் உறையைக் கழற்றிவிடுவார். ஆளைவிட உயரமான இயந்திரம். மேலே ஒரு தாடை, கீழே ஒரு தாடை. நடுவில் கம்பியைக் கவ்வக் கொடுத்து இயக்கினால் தாடைகள் மெல்ல விலகும். கம்பி முதலில் கொஞ்சம் நீளும். பிறகு ஓரிடத்தில் இடுப்பு சிறுக்கும். அப்புறம் டப்பென்று அறும். மாணவர்கள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். அஞ்சுகம் அதற்கு முந்தின சில விநாடிகளைத்தான் பார்ப்பார்.

“நல்ல கம்பி சொல்லிட்டு அறும். கெட்ட கம்பி சொல்லாம அறும்.” புதிதாக வரும் மாணவர்களுக்கு அவர் நடத்தும் பாடம் இந்த இரண்டு வரிதான்.

வெளியாட்களும் வருவார்கள். பள்ளிக்கூடம், பாலம், மண்டபம் கட்டும் ஒப்பந்ததாரர்கள் தங்கள் கம்பியைச் சோதித்துச் சான்று வாங்கிப் போவார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருவர் கொண்டுவந்த ஆறு கம்பிகளில் இரண்டு, இடுப்பு சிறுக்காமலே அறுந்தன. அந்த இரண்டுக்கும் வேறு எண் போட்டுத் தரச் சொல்லி அவர் அரைமணி நேரம் கெஞ்சினார். பிறகு அதட்டினார். கம்பி என்ன சொன்னதோ அதைத்தான் எழுத முடியும் என்று அஞ்சுகம் பதிவேட்டை மூடி வைத்துவிட்டார். அதன்பிறகு அந்த ஆள் வேறு ஊர் ஆய்வகத்துக்குப் போய்விட்டார். கல்லூரியில் யாரும் அஞ்சுகத்தைப் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை.

மீனவக் குடும்பத்துப் பெண் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. 2004 டிசம்பரில் கடல் அவருடைய அப்பாவின் ஃபைபர் படகையும் வலையையும் கொண்டுபோனபோது அவருக்கு இருபது வயது. நிவாரணத்துக்கு வந்த ஓர் அமைப்பு ஊரில் பன்னிரண்டு பெண்களைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பியது. பதினோரு பேர் தையலுக்கும் கம்ப்யூட்டருக்கும் பெயர் கொடுத்தார்கள். அஞ்சுகம் ஃபிட்டர் வகுப்புக்குக் கொடுத்தார். அந்த வரிசையில் நிற்க ஆளே இல்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை. 2008இல் கல்லூரி இந்த வேலையைத் தந்தது.

ஆய்வகத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவே ஒரு மரத்தட்டிதான். இயந்திரவியல் துறைத் தலைவர் சோமசேகரன் அந்தப் பக்கம் நடத்தும் பாடம் இந்தப் பக்கம் கேட்கும். ஒரு நாள் அவர் பலகையில் புள்ளி புள்ளியாக அணுக்களை வரைந்தார். இரும்பு, செம்பு, எஃகு எதுவானாலும் உள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும், அந்த அடுக்குக்குப் பெயர் படிகம் என்றார். பிறகு நடுவில் ஒரு அரை வரிசையைச் செருகினார். மேலிருந்து பாதி வரை வந்து நின்றுபோன வரிசை. அது நிற்கிற இடத்தில் சுற்றியிருக்கும் அணுக்கள் எல்லாம் கொஞ்சம் கோணிக்கொண்டன. படிகத்தில் இது ஒரு குறை என்றார் சோமசேகரன். குறையே இல்லாத உலோகம் கிடையாது என்றும் சொன்னார்.

தட்டி ஓரத்தில் நின்று பார்த்த அஞ்சுகத்துக்கு அந்தப் படம் புதிதாக இல்லை. வலை பின்னும்போது அகலம் கூட்ட வேண்டிய இடத்தில் நடுவிலிருந்து ஒரு கண்ணி வரிசையைக் கூடுதலாகத் தொடங்குவார்கள். தொடங்குகிற அந்த முடிச்சைச் சுற்றி நாலைந்து கண்ணிகள் கோணலாகத்தான் இருக்கும். அவர் பத்து வயதிலிருந்து பார்த்த கோணல் அது.

ஒரு வித்தியாசம் உண்டு. வலையில் அந்தக் கோணல் இருந்த இடத்தில் இருக்கும். உலோகத்தில் அது நகரும். கம்பியை வளைத்தால் ஒரே நேரத்தில் எல்லா அணுவும் இடம் மாறுவதில்லை. அரை வரிசையின் நுனி பக்கத்து வரிசைக்குத் தாவும், அங்கிருந்து அடுத்ததற்கு. அப்படி லட்சக்கணக்கான நுனிகள் ஊர்ந்து போவதால்தான் எஃகு உடையாமல் வளைகிறது. வளைக்க வளைக்கப் புதிய நுனிகள் பிறக்கும். மெத்தென்ற உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் பத்து லட்சம் இருந்தால், அடித்து வளைத்து நிமிர்த்திய பிறகு அது லட்சம் கோடியைத் தொடும். அவ்வளவு கூட்டத்தில் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும். எதுவும் நகராது. உலோகம் கெட்டிப்படும். இனி வளையச் சொன்னால் வளையாது. தாங்குகிற வரை தாங்கும், பிறகு எங்கோ ஓரிடத்தில் பிளவு விடும்.

இதை அஞ்சுகம் பரீட்சைக்குப் படிக்கவில்லை. கையில் தெரிந்துகொண்டார். கட்டுக்கம்பியை இரண்டு விரலில் பிடித்து முன்னும் பின்னும் வளைத்தால் நாலாவது தடவை விறைப்பது தெரியும். எட்டாவது, ஒன்பதாவதில் போய்விடும்.

அவருடைய கணவர் அரசப்பனுக்கு நாற்பத்தாறு வயது. ‘கடல்மதி’ என்ற விசைப்படகின் டிரைவர், அதாவது சுக்கான் பிடிப்பவர். படகு அஞ்சுகத்தின் பெரியப்பா மகன் புகழேந்தியுடையது. அரசப்பனோடு சேர்த்துப் படகில் ஒன்பது பேர். எஞ்சினிலிருந்து பின்னால் புரொப்பல்லர் வரை ஓடும் ஷாஃப்ட் பதினாலு அடி நீளம், மூன்று அங்குலக் கனம், துருப்பிடிக்காத எஃகு. அந்த ஷாஃப்ட் மூன்று வருஷத்தில் மூன்று முறை வளைந்தது.

மூன்றும் ஒரே காரணம். மழைக்காலம் முடிந்தால் அரசலாற்று முகத்துவாரத்தில் மணல் மேடு கட்டும். தண்ணீர் வற்றின நேரத்தில் உள்ளே வரும் படகு அதில் பின்புறம் தட்டும். சாதாரணத் தட்டு. யாருக்கும் அடிபடாது. ஆனால் ஷாஃப்ட் மூன்று மில்லிமீட்டரோ நாலு மில்லிமீட்டரோ கோணிவிடும். அதன்பிறகு எஞ்சினை வேகமாக விட்டால் படகே நடுங்கும். ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றி, ஷாஃப்ட்டை உருவி, நஸ்ருதீன் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள்.

நஸ்ருதீன் முப்பது வருஷமாக லேத் வைத்திருப்பவர். ஷாஃப்ட்டை இரண்டு தாங்கியில் படுக்கப் போட்டு மெல்லச் சுழற்றுவார். சாக்பீஸை ஒரு மயிரிழை தள்ளிப் பிடிப்பார். கோணலாகப் புடைத்த இடம் வரும்போது மட்டும் சாக்பீஸ் படும். வெள்ளைக் கோடு விழுந்த இடத்தை பிரஸ்ஸில் கொடுத்து எதிர்ப்பக்கமாக அழுத்துவார். மறுபடி சுழற்றுவார். சாக்பீஸ் எங்கும் படாமல் ஷாஃப்ட் சுழல்கிற வரை இது நடக்கும். இந்த எஃகில் நெருப்பு காட்டக் கூடாது என்பது அவர் கட்டுப்பாடு, அது சரிதான். அரைகுறையாகச் சூடு பட்டால் வேறு விதமாகக் கெடும். ஒழுங்காகச் சுட்டுப் பழையபடி இளக்க வேண்டுமானால் பதினாலு அடி ஷாஃப்ட்டை முழுசாக உள்ளே வைக்கிற உலை வேண்டும். காரைக்காலில் அப்படி ஒன்று இல்லை.

துறைமுகத்தில் இப்படி நிமிர்த்திய ஷாஃப்ட்டுக்கு ஒரு பெயர் உண்டு. பழகின ஷாஃப்ட் என்பார்கள். புதுசு மெத்தென்று இருக்கும், ஒரு தட்டுக்கே வளையும். இரண்டு மூன்று தடவை நிமிர்த்தினது அப்படியில்லை. வளைந்த இடத்தில் அரம் போட்டால் வழுக்கும். அதனால் அது தேறிவிட்டது, இனிக் கவலையில்லை என்று பழகின ஷாஃப்ட்டைப் பெருமையாகச் சொல்வார்கள். அரம் வழுக்குவதும் உண்மை, வளையாததும் உண்மை.

மே மாதக் கடைசியில் அரசப்பனுக்குச் சாப்பாடு கொண்டுபோன அஞ்சுகம் பட்டறை வாசலில் நின்றபோது நஸ்ருதீன் இதைத்தான் சந்தோஷமாகச் சொன்னார்.

“தங்கச்சி, மூணாவது வாட்டி பிரஸ்ஸே திணறிப்போச்சு. அவ்வளவு கெட்டி. இனிமே இது வளையாது.”

“வளையாது பாய். அதான் பயமா இருக்கு” என்றார் அஞ்சுகம்.

நஸ்ருதீன் சிரித்தார். அரசப்பன் டிபன் பாக்ஸைத் திறந்து குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் இதுவே பேச்சாயிற்று. மூன்று தடவையும் வளைந்தது ஒரே இடம் என்பதை அஞ்சுகம் திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டுக்கம்பியை எடுத்து வளைத்து உடைத்துக் காட்டினார். அரசப்பன் மறுக்கவில்லை. கம்பி நூல் மாதிரி, ஷாஃப்ட் தொடை மாதிரி, இரண்டும் ஒன்றா என்று மட்டும் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

“உங்க காலேஜ்ல அறுக்குறதுக்குன்னே கம்பி வாங்குறாங்க. நாங்க ஓட்டுறதுக்கு வாங்குறோம்.”

மகள் காவ்யா தட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அஞ்சுகமும் சிரித்தார். ஆனால் விடவில்லை. நடுக்கடலில் ஷாஃப்ட் போனால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும், படகு நகராது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நீரோட்டமும் காற்றும் சேர்ந்து படகைத் தள்ளிக்கொண்டு போகும். கிழக்கே எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் ஒன்பது பேரும் அந்தப் பக்கத்துச் சிறையில், படகு அந்தப் பக்கத்துத் துறைமுகத்தில். ஊரில் ஏற்கெனவே அப்படிப் போன படகுகளின் பெயரைச் சொல்ல ஆள் இருக்கிறது.

புகழேந்தியிடம் போனார். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, புது ஷாஃப்ட் வெளியூரிலிருந்து வர மூன்று வாரம் ஆகும், ஜூன் பதினைந்து கடலுக்குப் போகும் நாள், அறுபத்தொரு நாள் கரையில் உட்கார்ந்த எட்டுப் பேரை இன்னும் மூன்று வாரம் உட்காரச் சொன்னால் வேறு படகுக்குப் போய்விடுவார்கள் என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. தடைக்காலம் முடிந்து ஊர்ப் படகுகள் எல்லாம் ஒரே நாளில் கிளம்புவது வழக்கம். அன்றைக்குக் கரையில் நிற்கும் படகுக்கு அந்த வருஷம் ஆள் சேர்ப்பது கஷ்டம்.

“முத நட போயிட்டு வந்ததும் புதுசுக்குச் சொல்லிடுறேன், தங்கச்சி. சத்தியமா” என்றார் புகழேந்தி.

அடுத்து அஞ்சுகம் போனது சோமசேகரனிடம். பதினேழு வருஷத்தில் அவரிடம் சொந்த வேலையாகப் போனது அதுவே முதல் தடவை. அவர் முழுவதையும் கேட்டார், எந்த இடத்திலும் மறுக்கவில்லை. பயம் நியாயமானது என்றார். குளிர்ந்த நிலையில் மூன்று முறை நிமிர்த்தினால் உள்ளே இறுக்கம் தங்கும், உப்புத்தண்ணீர் வேறு, சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கும் பாரம் வேறு என்று அஞ்சுகம் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னார்.

“எவ்ளோ நாள் தாங்கும், சார்?”

“பத்து வருஷமும் ஓடலாம், அஞ்சுகம். பத்து நாள்லயும் போகலாம்.”

கல்லூரிச் சார்பில் ஒரு கடிதம் கொடுக்க முடியுமா என்று கேட்டார் அஞ்சுகம். சோதிக்காமல் கடிதம் கொடுக்க முடியாது. எண்ணோடு சொல்ல வேண்டுமானால் வளைந்த இடத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். வெட்டினால் அந்த ஷாஃப்ட் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஷாஃப்ட் இருக்காது. அந்த அரை வரிசைகளை அப்படியே பார்க்கிற நுண்ணோக்கி பெரிய நகரங்களில் உண்டு, அதற்கும் தாளைவிட மெல்லிசாக ஒரு சீவல் வேண்டும்.

வெட்டாமல் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பிளவு இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயச் சோதனை. சிவப்புச் சாயத்தைத் தெளித்து ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளித்தால் பிளவுக்குள் புகுந்த சாயம் மட்டும் கசிந்து சிவப்புக் கோடாக எழும். மூன்று டப்பாக்களையும் சோமசேகரன் அலமாரியிலிருந்து தானே எடுத்துக் கொடுத்தார்.

ஜூன் 12, வியாழக்கிழமை. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அஞ்சுகம் துறைமுகத்துக்கு வந்தபோது ஷாஃப்ட் இரண்டு டிரம்களுக்கு நடுவே கிடந்தது. மறுநாள் சூடம் காட்டிப் படகில் ஏற்றுவதாக ஏற்பாடு. செய்தி எப்படியோ பரவி முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். பக்கத்துப் படகு ஆட்கள், வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள், ஐஸ் வண்டிக்காரர்.

அஞ்சுகம் முதலில் ஷாஃப்ட்டைத் துடைத்தார். வளைந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். புகழேந்தியைப் பார்த்து, மூன்று தடவையும் இதே இடம்தானே என்று கேட்டார். அவர் தலையாட்டினார். கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பைத் தெளித்தார். கால் மணி நேரம் ஊற வேண்டும். கூட்டம் பொறுமையில்லாமல் நின்றது. துடைத்துவிட்டு வெள்ளையை எடுத்தபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“குங்குமம் வச்சாச்சு, விபூதியும் பூசியாச்சு. சூடம் ஏத்திடுங்கக்கா, நாளைக்கு ஒரு வேல மிச்சம்.”

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சுகம் நிமிரவில்லை. வெள்ளைப் பொடி காய்ந்தது. ஒரு நிமிஷம். இரண்டு. ஐந்து. பக்கத்தில் எண்ணெய் பட்ட ஓரத்தில் லேசாக ஒரு இளஞ்சிவப்பு பரவியது. சரியாகத் துடைக்காத சாயம் அது. பிளவாக இருந்தால் கோடு கூர்மையாக எழும், இப்படித் தேமல் மாதிரி பரவாது. அந்தக் கூட்டத்தில் இந்த வித்தியாசம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதைச் சுட்டிக்காட்டி, இதோ பிளவு என்று சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. படகு நின்றிருக்கும்.

அந்த நேரத்தில் அதை யோசித்தாரா என்றால், யோசித்தேன் என்கிறார். ரொம்ப நேரம் யோசித்தாராம். பார்த்தவர்கள் அவர் சோதனை செய்துகொண்டிருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

“கோடு இல்ல” என்றார்.

கூட்டம் அப்படியே தளர்ந்தது. கோடு இல்லை என்றால் இன்றைக்குப் பிளவு இல்லை என்றுதான் அர்த்தம், ஷாஃப்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, உள்ளே இருப்பதை இந்தச் சாயம் காட்டாது என்று அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வார்த்தைக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் வந்து தன் ஷாஃப்ட்டுக்கும் நாளைக்கு இதே மாதிரி பார்த்துச் சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். புகழேந்தி அரசப்பனின் தோளில் தட்டினார்.

“மாப்ள, காலேஜே பாத்துச் சொல்லிடுச்சு. இனிமே என்ன.”

நிறுத்துவதற்காகக் கொண்டுவந்த சோதனை, அனுப்பி வைக்கிற சான்றாகிவிட்டது. அஞ்சுகம் மூன்று டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னால் படகுகள் வரிசையாக முகத்துவாரத்தைத் தாண்டின. ‘கடல்மதி’ ஆறு நாள் கழித்து, இருபத்தொன்றாம் தேதி, நல்ல பாடோடு திரும்பியது. இறால், கணவாய், ஒரு பெட்டி நிறைய சங்கரா. அரசப்பன் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, உன் ஷாஃப்ட் சௌக்கியம் கேட்டது என்றார். அடுத்த இரண்டு நாளும் தெருவில் அஞ்சுகத்தைப் பார்த்தவர்கள் ஷாஃப்ட்டைத்தான் விசாரித்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. தப்பாகப் போனது தன் பயமாகவே இருக்கட்டும் என்று காவ்யாவிடம் சொன்னார். புகழேந்தி சொன்ன சொல் தவறவில்லை. ஞாயிறன்றே புது ஷாஃப்ட்டுக்குச் சொல்லிவிட்டார். வருகிறவரை படகு நிற்குமா என்று அஞ்சுகம் கேட்டதற்கு, ஒரு நடை ஓடின ஷாஃப்ட் இன்னொரு நடை ஓடாதா என்றார். இருபத்துநாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, படகு மறுபடி போனது.

இருபத்தெட்டாம் தேதி மதியம் பக்கத்தில் வலை போட்டிருந்த ஒரு படகின் வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. ‘கடல்மதி’ எஞ்சின் ஓடியும் நகரவில்லை. ஷாஃப்ட்டாக இருக்கலாம். கயிறு கட்டி இழுக்க அந்தப் படகு கிளம்பியது. ஆனால் தன் வலையைச் சுருட்டி ஏற்றவே இரண்டு மணி நேரம் ஆனது, அதற்குள் காற்று வலுத்தது, இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை. நங்கூரம் பிடிக்காத ஆழம். மறுநாள் காலை ஒன்பதரைக்கு, எல்லைக்கு ஐந்து கடல்மைல் கிழக்கே, இலங்கை ரோந்துப் படகு அவர்களைக் கண்டு, கைதுசெய்து படகோடு இழுத்துக்கொண்டுபோனது.

அந்த ஒன்பதரைக்கும் அஞ்சுகத்துக்குச் செய்தி தெரிந்த பன்னிரண்டரைக்கும் நடுவில் அவர் மீன்துறை அலுவலகத்தில் இரண்டு பெஞ்சுகளில் மாறி மாறி உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரே ஒரு ஊழியர். அவரும் தொலைபேசியைத் தவிர எதையும் செய்ய முடியாதவர். பிறகு மற்ற எட்டு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். மனு எழுதினார்கள். அதை எழுதியவரும் அஞ்சுகம்தான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். படகு எல்லை தாண்டியதற்குக் காரணம் என்ற இடத்தில் ‘ஷாஃப்ட் முறிவு’ என்று எழுதினார்.

அதை யாரும் இன்னும் சோதிக்கவில்லை. முறிந்த ஷாஃப்ட்டின் ஒரு பாதி புரொப்பல்லரோடு கடலுக்கடியில். மறு பாதி படகோடு அந்தக் கரையில். புகழேந்தி ஒருநாள் வந்து வாசலில் நின்று, வலையோ கயிறோ புரொப்பல்லரில் சுற்றியிருக்கலாம் இல்லையா என்று கேட்டார். இருக்கலாம் என்றார் அஞ்சுகம். பார்க்காமல், இல்லை என்று எப்படிச் சொல்வது. நஸ்ருதீன் வரவில்லை.

ஜூலை 3 அன்று தூதரக அலுவலர் ஒருவர் சிறைக்குப் போனார். ஒன்பது பேருக்கும் தன் கைபேசியிலிருந்து ஆளுக்கு இரண்டு நிமிஷம் வீட்டோடு பேசக் கொடுத்தார். அரசப்பன் முதலில் காவ்யாவை விசாரித்தார். எல்லாரும் நலம், ஒருவருக்கு மட்டும் காய்ச்சல், சோறு கிடைக்கிறது என்றார். பிறகு குரல் மாறியது.

“இந்தா, கேளு. நான் முங்கிப் பாத்தேன். ஷாஃப்ட் வெளிய வர்ற ட்யூப்பத் தாண்டி ஒரு சாண்ல ஒடஞ்சு நிக்குது. நீ கை வச்ச எடம்.”

அஞ்சுகம் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“கையால தடவிப் பாத்தேன். பாதிக்கு மேல மொழுமொழுன்னு இருக்கு. கிளிஞ்சல் முதுகு மாதிரி வரி வரியா. மிச்சம் கல்ல ஒடச்ச மாதிரி சொரசொரன்னு. உனக்குத்தான் தெரியும்னு சொல்றேன்.”

“சாப்பிட்டீங்களா?” என்றார் அஞ்சுகம்.

இரண்டு நிமிஷம் முடிந்தது.

அவருக்குத் தெரியும். வழவழப்பான பகுதி பிளவு மெல்ல மெல்ல ஊர்ந்து வந்த வழி. ஒவ்வொரு வரியும் அது நின்று கிளம்பிய இடம். சொரசொரப்பு, கடைசியில் மிச்சம் தாங்கமாட்டாமல் ஒரே நொடியில் போனது. கயிறு சுற்றி ஒரேயடியாக முறுக்கி உடைத்திருந்தால் அந்த வரிகள் இருக்காது. ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியிருக்கும் என்று பதிவேட்டின் பின்னட்டையில் பென்சிலால் போட்டுப் பார்த்தார். இரண்டு நடையும் சேர்த்துக் கடலில் பத்து நாள், நாளைக்குப் பதினாறு மணி நேரம், நிமிஷத்துக்கு நானூறு. முப்பத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம். அத்தனை சுற்றுக்குள் ஒரு பிளவு பிறந்து பாதி ஷாஃப்ட்டைத் தாண்டி வர நேரம் இருக்கிறது. அப்படியானால் ஜூன் 12 அன்று அவர் சொன்னது உண்மை, அன்றைக்குக் கோடு இல்லை. அல்லது சாயம் புகாத அளவு சன்னமாக அன்றைக்கே இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று சொல்ல அந்த முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். சோமசேகரன், கொண்டுவர முடிந்தால் தானே பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கொண்டுவர முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

அவர் கணவரைக் கடலுக்குப் போக விடாமல் வேறு என்ன செய்திருக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். அந்த இளஞ்சிவப்புத் தேமலைப் பற்றி மட்டும் சில சமயம் பேசுகிறார். இப்போது நடந்தால் பொய் சொல்வாரா என்ற கேள்விக்கு ஒரு நாள் சொல்வேன் என்றார், இன்னொரு நாள் தெரியவில்லை என்றார்.

வேலைக்குத் தவறாமல் போகிறார். விடுப்பு எடுத்தால் வீட்டில் உட்கார வேண்டியிருக்கிறது. ஜூலை 9 அன்று புது ஷாஃப்ட் லாரியில் வந்து இறங்கியது. சணல் சாக்கு சுற்றி, இரண்டு முனையிலும் மரக்கட்டை கட்டி நஸ்ருதீன் பட்டறைச் சுவரோரம் கிடக்கிறது. நஸ்ருதீன் அதைச் சாக்பீஸ் வைத்துப் பார்த்துவிட்டார். எங்கும் படவில்லை.

ஜூலை 10 அன்று நீதிமன்றம் ஒன்பது பேரின் காவலை மேலும் பதினாலு நாள் நீட்டித்தது. அடுத்த விசாரணை ஜூலை 24, வியாழக்கிழமை.